சாட்சி சற்குணத்தின் மனைவி

பிப்ரவரி 22, புதன்

லெந்து என்கிற தவக்காலம் தொடங்கிவிட்டது. இனி ஈஸ்டர் வரை எங்கள் இரட்சண்யபுரத்தில் யாரும் கறி எடுக்க மாட்டார்கள். ஒருவரை ஒருவர் கடித்துத் தின்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

காலையில் கோயிலில் புதுப் போதகர் ரெக்ஸ்டன் ஐயரின் பிரசங்கம். படித்ததையெல்லாம் இன்றைக்கே சொல்லித் தீர்க்கவேண்டும் என்று யாரோ கெடு வைத்ததுபோலப் பேசினார். முன் வரிசையில் பொருளாளர் ஜெயசிங் வாயைப் பிளந்து தூங்கினார். முடிந்ததும் எழுந்துபோய், "ஆழமான செய்தி ஐயரே" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த ஐயரும் பூரித்துப்போனார்.

கடைசியில் அறிவிப்பு. மார்ச் மாதக் கடைசியில் மூன்று நாள் உயிர்மீட்சிக் கூட்டம். சனிக்கிழமை மாலை, பாவத்தின் பிடியிலிருந்து விடுதலை பெற்ற சகோதரர் சாட்சி சற்குணம் தம் சாட்சியைச் சொல்வார். அந்தச் சாட்சிக்கு இது வெள்ளிவிழா வருடமாம். சாட்சிக்கு வெள்ளிவிழா கொண்டாடுகிற ஊர் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

சாட்சி சற்குணம் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர். உப்பளத்து ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் நடுநிலைப் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தேன். இப்போது பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி. பிழையில்லாமல் ஓர் அறிக்கை எழுத இங்கே வேறு எவளுக்கும் தெரியாது என்பதால் தலைவி.

பிப்ரவரி 24, வெள்ளி

ஜெனிட்டாவிடம் தைக்கக் கொடுத்த ரவிக்கைகள் வந்தன. கையை முழங்கை வரை இழுத்து வைத்திருக்கிறாள். இரண்டு விரல் குறைக்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். "இப்ப இதுதான் டீச்சர் மாடல்" என்றாள். வெயில் காலத்தில் எனக்கு எதற்கு மாடல்?

இந்த ஜெனிட்டாவின் புருஷன்தான் செல்வின். லோடு ஆட்டோ ஓட்டுகிறான். பகலில் ஆட்டோ அவனைச் சுமக்கும், பொழுது சாய்ந்தால் யாராவது அவனைச் சுமக்கவேண்டும். ஒரு சாயங்காலம், ஒரே ஒரு சாயங்காலம் தாங்க முடியாதா ஒரு மனுஷனால்? என்ன ஜென்மமோ.

பிப்ரவரி 26, ஞாயிறு

பக்கத்து ஊர்ச் சபையில் அவருக்குச் சாட்சி. நானும் போனேன். நான் இல்லாவிட்டால் சாட்சி பாதிதான்.

எனக்கு அது மனப்பாடம். தினம் குடித்தார். பெண்டாட்டியை அடித்தார். ஒருநாள் கொதிக்கிற கஞ்சியை அவள்மேல் வீசினார். அன்று இரவே சாகலாம் என்று தண்டவாளத்தில் போய்ப் படுத்தார். அப்போது கோயில் மணி கேட்டது. எழுந்தார், அழுதார், அந்த நிமிஷமே குடி விட்டுப்போயிற்று. எங்கள் ஊருக்கு ரயிலே கிடையாது. இத்தனை வருஷத்தில் ஒருவராவது கேட்டதுண்டா? விசுவாசிகள்!

நடந்தது இவ்வளவுதான். ஒரு கல்யாண வீட்டில் ஆபீஸ்காரர்களோடு சேர்ந்து இரண்டு கிளாஸ் குடித்தார். பஸ் ஸ்டாண்டில் வாந்தி எடுத்தார். அடுத்த வாரம் வீட்டு ஜெபக்கூட்டத்தில் அதைச் சொல்லி அழுதார். வெளியூரிலிருந்து வந்திருந்த பிரசங்கியார், "பெஞ்சாதிய அடிச்சிருப்பீரே?" என்று கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். அது ஆமாம் ஆகிவிட்டது. அப்புறம் ஊருக்கு ஊர் வளர்ந்தது.

என் வலது கையில் முழங்கைக்கு மேல் இருக்கிற வடு, கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து சுடும்போது எண்ணெய் தெறித்தது. கூட்டம் முடிந்ததும் பெண்கள் வந்து அதைத் தொட்டுப் பார்த்து மூக்கைச் சிந்துவார்கள். இன்றும் வந்தார்கள். கஞ்சி பட்டது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதற்குப் பெயர் பொய் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மைக் செட்டை ஏற்றிவந்த செல்வினின் ஆட்டோவிலேயே திரும்பினோம். இறக்கிவிட்டவன் போகாமல் நின்றான். அதிசயமாகக் குடி வாடை இல்லை.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு ஒரே நாள்ல விட்டுப்போச்சு. நானும் ஒங்கள மாதிரியே முழங்கால்ல நின்னு ஜெபிச்சுப் பாத்துட்டேன். பொழுது சாஞ்சா கை நடுங்குது. ஆண்டவரு ஒண்ணு ரெண்டு பேரத்தான் எடுப்பாரோ? என்னைய வேண்டாம்னு தள்ளிட்டாரோ?"

அவர் உள்ளே வந்து, எடுத்துவைத்த இட்லியைத் தொடாமல் படுத்துவிட்டார்.

மார்ச் 3, வெள்ளி

தண்ணீர் வரவில்லை. அவரும் சரியாகச் சாப்பிடவில்லை. மத்தியானம் கேட்டுவிட்டேன்.

"அந்தச் செல்வின் பய என்னைய அளவுகோலா வச்சு தோத்துக்கிட்டு இருக்கான், பியூலா. நான் குடிகாரனா இருந்தாத்தான அது கணக்கு? வெள்ளிவிழாவுல உள்ளதச் சொல்லிரலாம்னு இருக்கேன்."

"சொல்லிட்டு? நான் சங்கத்துல மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?"

"அவன் செத்துப்போவான் பியூலா."

வெள்ளிவிழா வரைக்கும் வண்டி கிடைக்காமல் நின்ற மனசாட்சி இப்போதுதான் வந்து இறங்குகிறதாம். குடிகாரன் குடிப்பதற்குக் காரணம் குடி. அதற்கும் தானே காரணம் என்று நினைத்துக்கொள்வதிலும் ஒரு மேடை ஆசை இருக்கிறது இந்த மனுஷனுக்கு.

மார்ச் 8, புதன்

ஜெனிட்டா ரவிக்கைகளைக் கொண்டுவந்தாள். இப்போது கை சரியாக இருக்கிறது. காசை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள்.

"டீச்சர், அண்ணாச்சி குடிய விட்ட அன்னைக்கு நீங்க என்ன ஜெபம் பண்ணுனிய? அதச் சொல்லுங்களேன். நானும் பண்ணுதேன்."

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. எல்லாரும் அழுதுவிட்டுப் போய்விடுவார்கள். இவளுக்குச் செய்முறை வேண்டுமாம்.

"உபவாசம் இரு," என்றேன். "உபவாசத்தோட கேட்டா இறங்குவாரு."

"எத்தன நாள் டீச்சர்?"

"பதில் வார வரைக்கும்."

ஏதாவது சொல்லி அனுப்பவேண்டுமே.

மார்ச் 11, சனி

புழுக்கம். மிக்ஸி கெட்டுவிட்டது. அவர் வேதத்தை மடியில் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பாமலே இருக்கிறார்.

மார்ச் 14, செவ்வாய்

ஜெனிட்டா தையல் மெஷின்மேல் மயங்கி விழுந்துவிட்டாள். சனிக்கிழமையிலிருந்து பச்சைத் தண்ணீர்தானாம். நெற்றியில் அடி. உபவாசம் என்றால் சாயங்காலம் ஒருவேளை கஞ்சி குடிக்கலாம் என்பதுகூடத் தெரியாத ஜனம். எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டியா சொல்லித்தர முடியும்?

ஹார்லிக்ஸ் பாட்டிலும் ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைவி என்ற முறையில். "நான்தான் டீச்சர் பாதியில விட்டுட்டேன், என் விசுவாசந்தான் பத்தல" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். ரொட்டியை வைத்துவிட்டு உடனே வந்துவிட்டேன். அந்த வீட்டில் காற்றே இல்லை.

மார்ச் 25, சனி

கோயில் வளாகம் நிறைய ஜனம். ஜெயசிங் சிவப்புச் சால்வையோடு மேடையிலேயே தயாராக இருந்தார். எனக்கு முன் வரிசையில் பக்கவாட்டு நாற்காலி, எல்லாரும் பார்க்கிற இடம். எனக்கு அடுத்த நாற்காலியில் ஜெனிட்டா வந்து உட்கார்ந்துவிட்டாள். செல்வின் மைக் செட் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான்.

அவர் எழுந்து மைக்கைப் பிடித்தார். கை நடுங்கியது. நடிப்பு என்று நினைத்தேன், வழக்கமாக இந்த இடத்தில் நடுங்கும்.

"நான் குடிகாரன் இல்ல," என்றார். "ஒரு கல்யாண வீட்டுல ரெண்டு கிளாஸ் குடிச்சேன். வாந்தி எடுத்தேன். அம்புட்டுத்தான். எம் பெஞ்சாதிய ஒருநாளும் கைநீட்டி அடிச்சது கிடையாது. தண்டவாளமும் கிடையாது. ஒரே நாள்ல விட்டுப்போச்சுன்னு சொன்னேன். விடுறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல, அதனால விட்டுப்போச்சு. அவருக்கு விட்டுதே, நமக்கு விடலையேன்னு யாராவது நெனச்சு மனசு உடஞ்சிருந்தா, அந்தப் பாவம் என் தலமேல."

ஜெயசிங் சால்வையை மடியில் மடிக்கத் தொடங்கினார்.

"ஆனா எனக்கும் விடாதது ஒண்ணு உண்டு. அது இந்தக் கதை. மேடைக்கு ஏறுறதுக்கு முன்னால, ஆண்டவரே, இன்னைக்காவது உள்ளத உள்ளபடி சொல்ல வையும்னு கேப்பேன். ஏறி மைக்கப் புடிச்சா அதுவா வந்துரும். ஜனங்க அழுதா இன்னும் கொஞ்சம் சேத்துக்கிடுவேன். பாட்டிலப் பாத்து கை நடுங்குதவனுக்கும் மைக்கப் பாத்து வாய் ஊறுதவனுக்கும் என்ன வித்தியாசம்? இன்னைக்கு அவரு என்னையச் சொல்ல வச்சுட்டாரு. நாளைக்கு எப்படியோ, எனக்குத் தெரியாது."

இறங்கிவிட்டார். ஐயர் அவசரமாக ஒரு பாட்டு நம்பரைச் சொன்னார். பாடகர் குழு வேறு பாட்டைத் தொடங்கியது. வெளியே போகும்போது பின்வரிசைக் கிழம் ஒன்று, "இந்தத் தடவ சாட்சி சின்னதா இருக்கே" என்றது.

இத்தனை வருஷம் பொய் சொன்னவருக்கு உண்மையைப் பக்குவமாகச் சொல்லத் தெரியவில்லை. போட்டு உடைத்துவிட்டார். ஜெனிட்டா மெதுவாகத் திரும்பி என் கையைப் பார்த்தாள். மின்விசிறிக் காற்று அதிகமாக இருந்ததால் முந்தானையைப் போர்த்திக்கொண்டேன்.

மார்ச் 28, செவ்வாய்

செல்வின் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தினமும் சாயங்காலம் வந்துவிடுகிறான். இரண்டு பேரும் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கருப்பட்டிக் காபி. பேச்சு குறைவு. அவனுக்கு நடுக்கம் வரும்போது இவர் கையைப் பிடித்துக்கொள்கிறார். இருட்டியதும் வீடு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறார். மூன்று நாளாக அவன் குடிக்கவில்லை. மூன்று நாள் பெரிய சாதனையாம்! காபித்தூள்தான் தீர்ந்துகொண்டிருக்கிறது.

"இப்பத்தான் அண்ணாச்சி எனக்கு மூச்சு வருது," என்கிறான் அவன். "நான் ஒருத்தன்தான் இப்படின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அவர் சிரிக்கிறார். இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல். பொய் சொன்ன நாளெல்லாம் அவரை இளக்காரமாகப் பார்க்கிற உரிமை எனக்கு இருந்தது. இப்போது எதை வைத்துப் பார்ப்பது?

மார்ச் 29, புதன்

பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். ஜெபத்துக்கு வந்தவர்களைவிட என்னைப் பார்க்க வந்தவர்கள் அதிகம். ஜெயசிங்கின் மனைவி ஸ்டெல்லாதான் தொடங்கினாள்.

"அடிச்சதே கெடையாதுன்னு சொல்லிட்டாவளே, அண்ணாச்சி? எனக்கு என்ன தோணுதுன்னா டீச்சர், வெள்ளிவிழாவுல பெரும தனக்கு வந்துரக் கூடாதுன்னு, நடந்ததையே நடக்கலன்னு சொல்லுதாவ. அம்புட்டுத் தாழ்மை. அப்படித்தான?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஜெனிட்டா மட்டும் பாய் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவிய எப்பவும் அப்படித்தான்," என்றேன்.

ஸ்டெல்லா, "தோத்திரம்" என்று கண்ணைத் துடைத்தாள். நான்கு பேர் வந்து கையைத் தொட்டார்கள். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இதை இரண்டு தடவை யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

ஊர் முழுக்க ஒரே பேச்சு, தாழ்மை. ஜெயசிங் அந்தச் சால்வையை இன்று கோயிலிலேயே அவருக்குப் போர்த்திவிட்டார். "வேண்டாம்யா, நான் சொன்னது நெசம்" என்று இவர் கையெடுத்துக் கும்பிடக் கும்பிட, ஜனம் இன்னும் கண் கலங்கியது. உண்மையைச் சொன்னால் நம்புவதற்கு இந்தச் சபைக்கு இன்னும் பழக்கம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சால்வையைக் கழற்றிக் கொடியில் போட்டார். "நீ என்ன சொன்ன, பியூலா?" என்று கேட்டார். கோபம் இல்லை.

"நான் ஒண்ணும் சொல்லல."

"சரி," என்றார்.

சாயங்காலம் இரண்டு நாற்காலி போட்டு வைத்தார். செல்வின் வரவில்லை.

ஏப்ரல் 4, செவ்வாய்

செல்வின் ஞாயிறு மத்தியானமே குடிக்கத் தொடங்கிவிட்டானாம். ஆட்டோவைப் பனங்காட்டு ஓடையில் கவிழ்த்துவிட்டு அங்கேயே கிடந்திருக்கிறான். இவர் தேடிப்போய் ஆள் வைத்துத் தூக்கி வந்தார். தோள்பட்டை பிசகி, முகம் வீங்கியிருக்கிறது. ஆட்டோ ஒரு சாண் தள்ளிக் கவிழ்ந்திருந்தால் ஆள் அடியில் போயிருப்பான் என்றார்கள்.

அவர் சட்டையெல்லாம் வாந்தி. சோப்புப் போட்டு நானே துவைத்தேன். கறை போகவில்லை.

"'ஒங்களுக்கு ஒரே நாள்ல விட்டது நெசந்தானாமே, நீங்க சும்மா என்னையத் தேத்துறதுக்குச் சொல்லிருக்கிய'ன்னு அழுதான்," என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர். ஆறாவது ஆள் பேசும்போது வெளியே வந்தேன், தலைவலி. வேப்பமரத்தடியில் ஜெனிட்டா நின்றாள். உள்ளே வரவில்லையாம். எனக்காகத்தான் நின்றிருக்கிறாள்.

"டீச்சர், எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அண்ணாச்சி சொன்னது நெசமா, நீங்க சொன்னது நெசமா?"

"நான் என்ன சொன்னேன்?"

"டீச்சர்." அவள் குரல் உயரவில்லை. "எங்க வீட்டுல அவிய கெடக்காவ. தனக்கு மட்டும் வழி இல்லன்னு சுவத்தப் பாத்துக்கிட்டு கெடக்காவ. நான் போயி ஒண்ணு சொல்லணும். நெசத்தச் சொல்லணும்."

உள்ளே ஒலிபெருக்கியில் 'முடிந்தது' என்று யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். என்ன பேச்சுக்காரனோ, உயிர் போகிறவர் இப்படியா கத்துவார் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது.

"எண்ணெய்," என்றேன். "முந்திரிக்கொத்து சுடும்போது எண்ணெய் தெறிச்சது. அவிய என்னைய ஒருநாளும் அடிச்சது இல்ல. அந்த ரெண்டு கிளாஸுக்கு மேல குடிச்சதும் இல்ல. நான் ஒனக்குச் சொன்ன உபவாசமும் நான் இருந்தது இல்ல."

அவள் என்னை அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம். நெற்றிக் காயத்தை ஒருமுறை தொட்டுக்கொண்டாள். "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

கோயில் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்று ஆண்டவரிடம் சொன்னேன். நாளை ஒருநாள், யாரையும் இளக்காரமாக நினைக்காமல் இருந்து காட்டுகிறேன். ஒரே ஒரு நாள். அது என்ன பெரிய காரியம்?

ஏப்ரல் 8, சனி

பால்காரரிடமே தோற்றுவிட்டேன். தாமதமாக வந்தார், பல்லை இளித்தார், அவ்வளவுதான், மனசு தன் வேலையைத் தொடங்கிவிட்டது. மறுபடியும் ஜெபித்தேன். பக்கத்து வீட்டில் ஈஸ்டருக்கு வெள்ளையடிக்கிறார்கள், தெருப்பக்கச் சுவருக்கு மட்டும். மறுபடி. ஸ்டெல்லா போனில் பேசினாள். மறுபடி. அவர் சட்னியில் உப்புக் குறைவு என்று சொல்லாமல் சாப்பிட்டார். அதற்கும் வந்தது. பத்து மணிக்குள் கை ஓய்ந்து உட்கார்ந்துவிட்டேன். நான் நினைப்பதில்லை, அதுவாக நினைக்கிறது. விரட்டினால் போய் வாசலில் நின்றுவிட்டு என் குரலிலேயே திரும்பக் கூப்பிடுகிறது.

ஒரு சாயங்காலம் தாங்க முடியாதா என்று அவனைக் கேட்டவள் நான்.

மத்தியானம் செல்வின் வீட்டுக்குப் போனேன். வீங்கிய முகத்தோடு தரையில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். ஜெனிட்டா மெஷினில் இருந்தாள். ஈஸ்டர் துணி குவிந்து கிடந்தது. அவன் எழப்போனான், வேண்டாம் என்றேன்.

"செல்வின், பொழுது சாஞ்சா எப்படித் தாங்குத?"

"எங்க டீச்சர் தாங்குதேன்? தோக்கத்தான் செய்யுதேன். நேத்து தாங்குனேன். அண்ணாச்சி வந்து கூட இருந்தாவ. தனியா இருந்தா முடியாது." என் முகத்தைப் பார்த்தான். "நீங்க ஏன் கேக்கிய?"

"எனக்கும் ஒண்ணு இருக்கு. விட மாட்டேங்குது."

மெஷின் நின்றது.

"யாரப் பாத்தாலும் எனக்கு இளக்காரம்," என்றேன். "ஒன்னையப் பாத்தாலும். இப்பக்கூட."

"அது ஊருக்கே தெரியுமே டீச்சர்," என்றாள் ஜெனிட்டா. "உக்காருங்க."

செல்வின் சிரித்துவிட்டான். வீக்கம் வலித்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். ஸ்டூல்மேல் நூல் பிசிறும் வெங்காயச் சருகும். துடைத்துவிட்டு உட்காரச் சொல்லக்கூடத் தெரியவில்லை என்று உள்ளே தொடங்கியது. தொடங்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

"ஜெபம் பண்ணுவோமா டீச்சர்?" என்றான். எந்த வீட்டுக்குப் போனாலும் ஜெபம் நான்தான் செய்வேன். இன்றைக்கு, "நீயே பண்ணு" என்றேன். அவனே கண்ணை மூடினான்.

"ஆண்டவரே, எங்களுக்கு முடியல. டீச்சரையும் என்னையும் விடுவியும்."

என்னையும் அவனையும் ஒரே வரியில் சேர்த்துவிட்டான். வயிறு எரிந்தது. ஆமென் என்று சொன்னேன்.